சீப்புச் சனிக்கிழமை

1

போன வருஷம் ஜனவரியில் மெல்போர்ன் விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, அதிலிருந்து ஐந்து சீப்பை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஐந்தும் ஐந்து நிறம். ஒன்றில் நடுவே இரண்டு பல் இல்லை. அவர் சீப்பைப் பார்த்தார். பிறகு என் கொண்டையைப் பார்த்தார். என் கொண்டை எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் இருக்கும். இவ்வளவு முடிக்கு இத்தனை சீப்பா என்று அவர் நினைத்திருந்தால் அது நியாயம்தான்.

தமிழிலேயே நாலு பேர் முன்னால் பேச மாட்டேன். இங்கிலீஷுக்கு எங்கே போவேன்?

அந்த மேஜையில் என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன். இந்தக் கிறிஸ்மஸ் அன்று தாம்பரத்தை ஒட்டின எங்கள் இரும்புலியூரிலிருந்து ஒரு போன் வந்தது. அது வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரிடமாவது சொன்னால்தான் தீரும். அதைச் சொல்லத்தான் பேத்தியின் நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீப்பில் ஆரம்பித்தால்தான் போன் விஷயம் புரியும்.

2

என் மாமியாருக்கு எண்பத்தெட்டு வயசு. நான் அத்தை என்று கூப்பிடுவேன். எங்கள் இரும்புலியூர்த் தெருவில் மற்ற எல்லாருக்கும் அவர் ஆயா. வருஷத்தில் பதினோரு மாசம் எல்லாரையும் போல இருப்பார். டிசம்பர் பிறந்தால் போதும், ஆளே மாறிவிடுவார். ஒன்றாம் தேதி விடியும்போது மொட்டை மாடியில் ஸ்டார் தொங்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் வரவில்லை என்றால் தானே ஒயரைக் கையில் எடுப்பார். ஒருமுறை ஸ்டாரைப் போட்டதும் தெருவுக்கே பியூஸ் போய்விட்டது. "கர்த்தர் பொறந்தப்ப மட்டும் கரண்டா இருந்திச்சி?" என்று இருட்டில் நின்று சிரித்தார்.

சின்ன வயதில் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவர். அங்கேதான் கல்கல் செய்யக் கற்றுக்கொண்டார். மைதாவில் முட்டை, வெண்ணெய், தேங்காய்ப் பால், சர்க்கரை போட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டி, சீப்பின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால் சிப்பி மாதிரி வரும். முதுகெல்லாம் வரி வரியாக இருக்கும். எண்ணெயில் பொரித்து எடுப்பது.

எல்லா வீட்டிலும் இதற்கு ஒரு முள்கரண்டியோ ஒரு சீப்போ இருக்கும். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு சீப்பு. இது அத்தையின் ஏற்பாடு. குழந்தை பிறந்த முதல் கிறிஸ்மஸுக்கும், மருமகளோ மருமகனோ வந்த முதல் கிறிஸ்மஸுக்கும், தாம்பரம் மார்க்கெட்டில் புதுச் சீப்பு வாங்கி, ஊசியைக் காய்ச்சிப் பெயர் எழுதுவார். அந்தச் சீப்பு தலையில் படக் கூடாது. எல்லாச் சீப்பும் ஒரு பழைய கேக் டப்பாவில், பீரோவுக்கு மேலே இருக்கும். டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமைதான் டப்பா கீழே இறங்கும். அந்தச் சனிக்கிழமைக்கே எங்கள் வீட்டில் சீப்புச் சனிக்கிழமை என்று பெயர்.

பொரித்து ஆறின பிறகு அத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். வரியை வைத்து யார் உருட்டினது என்று சொல்லிவிடுவார். என் சீப்பில் இரண்டு பல் உடைந்த வருஷம், என் கல்கல் எல்லாவற்றிலும் நடுவே ஒரு தடிப்பு ஓடியது. "இன்னாடி எஸ்தரு, நடுவுல ஜி.எஸ்.டி. ரோடு போட்டு வெச்சிக்கிற?" என்றார். எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிற நெடுஞ்சாலை அது. வேறு சீப்பு கேட்டேன், தரவில்லை. "ரோடு இருந்தா தான் நீ எங்க கீறன்னு தெரியும்."

ஊரில் இல்லாதவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் சீப்பில் வேறு யாராவது பத்து உருட்டிப் போடுவோம். என் வீட்டுக்காரர் தவறின பிறகும் அவருடைய பச்சைச் சீப்பு டப்பாவில்தான் இருந்தது. அவருக்குப் பத்தும் அத்தையே உருட்டுவார். அப்போது மட்டும் பேச மாட்டார்.

கிறிஸ்மஸ் காலையில் கோயிலுக்குப் போய் வந்ததும் தட்டுப் புறப்படும். ஒவ்வொரு தட்டிலும் எல்லார் கல்கல்லும் இருக்க வேண்டும். அத்தை முன்னால் போய்க் கதவைத் தட்டுவார். "கோமதி! கதவ தொறடி, கிறிஸ்மஸ் வந்துகீது!" நான் பின்னால் தட்டோடு நிற்பேன். முப்பத்தைந்து வருஷம் அப்படித்தான். ஒரு கதவைக்கூட நான் தட்டினதில்லை. தட்டு காலியாகத் திரும்பாது. கோமதி வீட்டில் சர்க்கரை, பாய் வீட்டில் பேரீச்சை, கொடுக்க ஒன்றும் இல்லாத வீட்டில் ஒரு செம்பருத்திப் பூ.

3

2002-இல் என் மகள் ஷீலா கூப்பிட்டாள் என்று மெல்போர்ன் வந்தேன். பேத்தி ஜெனிக்கு அப்போது எட்டு வயசு. புறப்படுகிற அன்று காலையில் ஒரு காரியம் செய்தேன். அத்தை குளிக்கப் போயிருந்தபோது ஸ்டூல் போட்டு ஏறி, டப்பாவைத் திறந்து, என் சீப்பை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

டப்பாவிலிருந்து சீப்பு வீட்டை விட்டுப் போகக் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

இங்கே வந்து என்ன செய்தேன்? பெட்டியின் அடியில் வைத்தேன். அவ்வளவுதான். ஷீலாவும் மருமகனும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போவார்கள். ஜெனியைப் பள்ளிக்கு விடுவேன், கூட்டி வருவேன். துணி உலர்த்தக் கொல்லைப் பக்கம் போனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி கறுப்பு உடுப்பில் நிற்பாள். அவள் தலையாட்டுவாள், நானும் தலையாட்டுவேன். ஐந்து வருஷத்தில் எங்கள் பேச்சு அதுதான். டிசம்பரில் இங்கே கத்தரி வெயில். தெருவில் நடக்கிறவர்கள் கிடையாது. யார் வீட்டுக் கதவும் திறந்திருக்காது. முதல் வருஷம் சீப்பை எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன். யாரோடு உருட்டுவது? யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஜெனி வளர வளரத் தமிழ் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் நான் கேட்டால் தமிழில் பதில் சொல்வாள். அப்புறம் இங்கிலீஷில் சொன்னாள். அப்புறம் தோளைத் தூக்குவாள், அதுவே பதில். பன்னிரண்டு வயதில் காதில் ஒயர் மாட்டினாள். அதோடு என் குரலுக்குக் கதவு அடைத்தாயிற்று.

ஒவ்வொரு வருஷமும் யாராவது சென்னையிலிருந்து வருகிறவர்கள் கையில் அத்தை ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவார். எல்லார் வரியும் அதில் இருக்கும். என் ரோடு மட்டும் இருக்காது. அதற்குப் பதில் கோணல்மாணலாகக் கீறின பத்து இருக்கும். கொழுந்தனாரின் பேரப்பிள்ளை ஏதாவது விளையாடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். போனில் அத்தை சீப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

4

2007 டிசம்பரில் எல்லாரும் ஊருக்குப் போவது என்று முடிவானது. என் பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் என் அப்பா பெயர். இங்கே விசாவில் வீட்டுக்காரர் பெயர். இரண்டும் ஒரே எஸ்தர்தான் என்று கடிதம் வாங்க மூன்று வாரம். "எஸ்தரு யாருன்னு என்ன கேட்டா நான் சொல்லிட்டுப் போறேன்" என்றார் அத்தை போனில். நாங்கள் வரும்வரை டப்பாவை இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரித்திரத்திலேயே முதல் தடவையாகச் சீப்புச் சனிக்கிழமை இரண்டாம் வாரத்திலிருந்து நாலாம் வாரத்துக்குத் தள்ளிப் போயிற்று.

தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினதும் கோமதி பிடித்துக்கொண்டாள்.

"வா எஸ்தரு! இன்னா, அங்க வெள்ளக்காரன் தெருவுல தட்டு எடுத்துனு வூடு வூடா போறியாமே?"

"யாரு சொன்னது?"

"ஆயா தான். வருசா வருசம் சொல்லுது. எனக்கு நம்பிக்கையே இல்ல போ. இங்கயே ஆயா முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சிகினு வருவ, நீயா அங்க போய் கதவ தட்டுவ?"

சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அத்தைக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தும் பார்வை திரும்பவில்லை, இன்னொரு கண்ணுக்கு நிழல்தான் தெரியும். என் முகத்தைத் தடவிப் பார்த்து, "எளச்சிட்ட" என்றார். ஜெனியின் காதில் இருந்த ஒயரைத் தடவி, "இது இன்னா, அங்கயும் கரண்டு கட்டா? ஒயரோட திரியிற?" என்றார். ஜெனி சிரித்துவிட்டாள். புரிந்திருக்கிறது!

சனிக்கிழமை காலை. மாவு பிசைகிற சத்தம் அடுப்படியில் கேட்டது. இதுதான் நேரம் என்று நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். சீப்பைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டால் எடுத்ததே தெரியாமல் போய்விடும் என்று ஐந்து வருஷமாக நினைத்துவைத்த யோசனை.

"இன்னாக்கா, பீரோ மேல எலி கிலி கீதா?" கொழுந்தனார் மனைவி வசந்தா வாசற்படியில் நிற்கிறாள்.

"தூசி தட்டறேன் வசந்தா."

"சுத்தக்காரியம்மா, வந்ததும் வராததுமா தூசி தட்டுது பாரு!"

அவசரத்தில் என் கை பட்டு டப்பா மூடி கழன்று, தரையில் விழுந்து, உருண்டு, கூடம் பூராச் சுற்றி, அடுப்படி வாசலில் போய் ணங்கென்று படுத்தது.

மாவு பிசைகிற சத்தம் நின்றது.

"எஸ்தரு," என்றார் அத்தை. "டப்பாவ எடுத்துனு வா. கொண்டாந்ததையும் எடுத்துனு வா."

எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சீப்பை அவர் கையில் வைத்தேன். பல் மேல் விரலை ஓட்டினார். உடைந்த இடத்தில் விரல் நின்றது.

"அங்க இத்த வெச்சி எத்தினி வாட்டி உருட்டின?"

"ஒரு வாட்டிகூட இல்ல அத்தை."

"அப்ப இன்னாத்துக்குடி எடுத்துனு போன?"

"பயமா இருந்திச்சி அத்தை. நம்ம வூட்டுது ஏதாச்சும் ஒண்ணு கூட இருக்கட்டும்னு..."

அத்தை ஒரு உருண்டையை எடுத்து, சீப்பில்லாமல், கட்டைவிரல் நகத்தால் கீறிக் கீறிச் சுருட்டினார். கோணல்மாணலாக வந்தது. பொட்டலத்தில் வருஷா வருஷம் வந்த அதே கோணல்.

"உனக்கு பத்து. சீப்பு இல்ல, இன்னா பண்றது?" என்றார். "சீப்பு காணோம்னு பாத்தவொடனே எனக்கு சந்தோசம் தான்டி. எஸ்தரு அங்க சீப்பு நாள் ஆரம்பிக்கப் போறா, அதான் சொல்லாம எடுத்துனு போய்கீறான்னு நெனச்சேன். தெரு பூரா சொல்லிட்டேன். வெள்ளக்காரன் தெருவுல நம்ம தட்டு போவுது, எம்மருமவ கதவ தட்றான்னு. அஞ்சு வருசமா கர்த்தர் பொறந்த நாள்ல பொய் சொல்லிகினு கீறேன் உன்னால!"

வசந்தாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர்.

அத்தை சிரிக்கவில்லை. டப்பாவைத் துழாவி ஷீலாவின் சீப்பு, மருமகன் சீப்பு, ஜெனியின் சின்ன ரோஸ் சீப்பு மூன்றையும் எடுத்தார். கடைசியில் பச்சைச் சீப்பு. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்திச்சி. உன்னுத மட்டும் எடுத்துட்ட. எம்புள்ளையோடத ஏன் தனியா வுட்ட? இந்தா. எல்லாத்தியும் எடுத்துனு போ."

"டப்பாவ வுட்டு வெளிய போவக் கூடாதுன்னு நீங்கதான..."

"நான் தான சொன்னேன்? நானே மாத்திக்கிறேன். வர்ற வருசம் இங்க உங்க பத்தை யாரும் உருட்ட மாட்டோம். அங்கேர்ந்து வந்தா தான் தட்டுல இருக்கும். வரலன்னா தட்டு கொறையோட போவும்." என் மணிக்கட்டைப் பிடித்தார், விடவில்லை. "நான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பொய்ய நெசமாக்கிடு எஸ்தரு."

5

அப்படி வந்த ஐந்து சீப்புதான் விமான நிலையத்து மேஜையில் கிடந்தது.

அதிகாரி ஏதோ கேட்டார். "ஸ்வீட்டு. கோம்பு. கிறிஸ்மஸ்," என்றேன் நான். அதோடு என் இங்கிலீஷ் முடிந்தது. அவர் என் பலகாரப் பொட்டலத்தையும் சீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். சீப்பைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்களோ என்று மேஜையை ஒட்டி நின்றுகொண்டேன்.

அப்போது ஜெனி காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள். முன்னால் வந்து பேச ஆரம்பித்தாள். முழுதும் இங்கிலீஷ். நடுவில் "கல்கல்" என்றாள், "பெரிய ஆயா" என்றாள். தன் ரோஸ் சீப்பை எடுத்து, பொட்டலத்திலிருந்து ஒரு கல்கல்லை அதன் பல்லில் பொருத்திக் காட்டினாள். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் என்னிடம் திரும்பி, பல் உடைந்த சீப்பைத் தொட்டு ஏதோ கேட்டார்.

"உங்களோடது எதுன்னு கேக்கறாரு பாட்டி," என்றாள் ஜெனி. ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசின முழுத் தமிழ் வாக்கியம். நான் பொட்டலத்தில் ஜி.எஸ்.டி. ரோடு ஓடின என் கல்கல்லைத் தேடி எடுத்துக் காட்டினேன். சீப்பு ஐந்தையும் அவரே பையில் அடுக்கிக் கொடுத்தார்.

6

வருஷம் முழுதும் எனக்கு அந்த ஒரு நினைப்புதான். தபாலில் ஊருக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று நவம்பர் கடைசியிலேயே சீப்புச் சனிக்கிழமை வைத்தோம். ஷீலாவும் மருமகனும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஜெனி மாவை மேஜையெல்லாம் இறைத்தாள். பச்சைச் சீப்பில் நான் பத்து உருட்டினேன். அப்போது நானும் பேசவில்லை.

முதல் வாணலி இறங்கியது. "பாட்டி, தட்டு," என்றாள் ஜெனி. "பெரிய ஆயா சொன்னாங்க இல்ல?"

"கிறிஸ்மஸுக்குப் பாத்துக்கலாம்டி."

"இன்னிக்கு ஒரு வீடு. ட்ரையல்."

தட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஜெனி வேண்டுமென்றே பத்தடி பின்னால் நின்றுகொண்டாள். பக்கத்து வீட்டு வாசலில் நின்றபோது என் நெஞ்சு அடித்த அடியில் தட்டில் கல்கல் குலுங்கியது. அத்தையை நினைத்துக்கொண்டேன். தட்டிவிட்டேன்! நானே, என் கையால்.

கறுப்பு உடுப்புக் கிழவி திறந்தாள். அவள் பெயர் எலேனி, கிரேக்க நாட்டுக்காரி, அதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அவளுக்கும் என் அளவுதான் இங்கிலீஷ். ஒரு கல்கல்லை எடுத்து வாயில் போடாமல், முதுகைத் திருப்பி வரியைப் பார்த்தாள். நான் கையாலேயே சீப்பு, கட்டைவிரல், சுருட்டல் எல்லாம் காட்டினேன். அவள் கண் விரிந்தது. ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது. திரும்பி வரும்போது கையில் காரட் துருவுகிற துருவி! அவர்கள் ஊரிலும் கிறிஸ்மஸ் பலகாரத்தைத் துருவியின் மேல் அழுத்திப் பூப்போடுவார்களாம், ஜெனிதான் பேசிப் பார்த்துச் சொன்னாள்.

அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்து, மேஜையில் உட்கார்ந்து, தன் துருவியின் மேல் பத்து உருட்டிப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அடுத்த நாள் என் தட்டு வேலி மேலே வந்தது. நிறைய எலுமிச்சம்பழம்.

தபால் ஆபீஸில் உள்ளே என்ன பொருள் என்று எழுதச் சொன்னார்கள். ஜெனி எழுதினாள். எத்தனை பேர் வரி என்றுகூட எழுதியிருக்கிறாள், அவர்கள் கேட்காமலே.

7

பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்று தினம் வசந்தாவுக்குப் போன் போட்டேன். இல்லை, இல்லை, இல்லை. இருபத்திமூன்றாம் தேதியும் இல்லை. தட்டு குறையோடு போகும் என்று அத்தை சொன்னது காதிலேயே இருந்தது. இருபத்திநாலு அன்று போன் எடுக்கவில்லை.

கிறிஸ்மஸ் அன்று இங்கே மதியம், அங்கே காலை. போன் அடித்தது. வசந்தா செல்லை அத்தை வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள் போல. பேப்பர் கிழிகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"அத்தை! வந்திடுச்சா?"

"நேத்து சாயங்காலமே வந்திடுச்சி. கோயிலுக்குப் போய் வந்து தான் பிரிப்பேன்னு வெச்சிகினு கீறேன். பேசாத, படிக்க வுடு."

படிக்கிறார்! விரலால். நாங்கள் நாலு பேரும் போனைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றோம்.

"இது ஷீலா. அழுத்தம் ஜாஸ்தி. கோவக்காரி, அவுங்க அப்பன மாதிரி. இது அவ வூட்டுக்காரன், பாதி சுருட்டிட்டு வுட்டுட்டான். இது ஜெனிக்குட்டி... ஷோக்கா கீதே! அவளே உருட்டினதா?"

"நானேதான் பெரிய ஆயா!" என்று கத்தினாள் ஜெனி.

"இது உன் ரோடு. தெரியுது. இது..." திரும்பவும் விரலை ஓட்டுகிற சரசரப்பு. "இது எம்புள்ள. யாரு உருட்டினது?"

"நான்தான் அத்தை."

"நல்லா கீது," என்றார். மூக்கை உறிஞ்சினார். அப்புறம் குரல் மாறிவிட்டது. "இரு, இரு. இது யாருடி? கோடே இல்ல, புள்ளி புள்ளியா கீது. நம்ம டப்பால இப்படி சீப்பே கெடையாதே!"

"பக்கத்து வூட்டு எலேனி, அத்தை. துருவில உருட்டினாங்க. நான் போய்க் கதவ தட்டினேன்."

"நீயா?"

"நானேதான்."

"தட்டு காலியா வந்திச்சா?"

"இல்ல அத்தை. எலுமிச்சம்பழம்."

செல்லை வசந்தா கையிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும். கரகரவென்று சத்தம், வாசல் கதவு திறக்கிற சத்தம், தெருவில் ஏதோ வண்டி போகிற சத்தம். அப்புறம் எண்பத்தெட்டு வயசுக் குரல், மெல்போர்னில் எங்கள் கூடம் அதிர:

"ஏய் கோமதி! கோமதி! நான் சொன்னா நம்பமாட்டியே! வா இங்க, வந்து வெரல வெச்சிப் பாரு!"